பி.எட். சேரப்போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

டிகிரி ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பி.எட். சேரலாம்னு இருக்கேன், எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" என்று ஆரம்பித்து, "எல்லாரும் அது வேஸ்ட்டுங்கிறாங்களே?" என்று முடியும். நான் 2017–19 பேட்ச். தமிழ்நாட்டில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணிதம் எடுத்துப் படித்தேன். இப்போது ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் என்னதான் நடக்கும்?

முன்பு பி.எட். ஒரு வருடம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (எல்லாரும் என்.சி.டி.இ. என்பார்கள்) 2014-ல் போட்ட விதிமுறைப்படி 2015–16 முதல் இரண்டு வருடமானது. முதல் வருடத்தில் பெரும்பாலும் தாள்கள்: குழந்தை வளர்ச்சி, கல்வி உளவியல், இந்தியாவில் கல்வி, உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் முறை. நடுவில் நான்கு வாரம் பள்ளிக்குப் போக வேண்டும். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் தொடர்ச்சியாகப் பள்ளி. மொத்தம் 20 வாரம். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பாடத்திட்டமும் தேர்வும் 2008-ல் தொடங்கிய ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

விதிப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாத படிப்பு.

"சும்மா ரெக்கார்டு எழுதுற படிப்பு" என்கிறார்களே, உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. லெசன் பிளான் ரெக்கார்டு, மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, ஆப்சர்வேஷன் ரெக்கார்டு, சைக்காலஜி ரெக்கார்டு, அடைவுத் தேர்வு ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, ஆக்ஷன் ரிசர்ச், யோகா, ஆல்பம் என்று நீண்டுகொண்டே போகும். முதல் பக்கத்துக்கு பார்டர் போடணும், தலைப்பு கலர் ஸ்கெட்ச்சில் எழுதணும், உறைக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் பிரௌன் ஷீட் போடணும். எங்கள் பேட்ச்சில் ஒரு பெண்ணுக்கு லெசன் பிளான் ரெக்கார்டு திரும்பி வந்தது. காரணம், பாடத்தில் பிழை இல்லை; மார்ஜின் பென்சிலில் போட்டிருந்தாளாம்.

லெசன் பிளான் எழுதுவது நல்ல பழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நாளை என்ன கேட்கப்போகிறோம், எங்கே பிள்ளைகள் தடுக்குவார்கள் என்று யோசிக்க வைக்கும். ஆனால் 40 பிளானும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதப்படும்போது யோசனைக்கு அங்கே இடமில்லை. பிளானில் 'மாணவர் செயல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் எழுதியது எல்லாம் இரண்டே வாக்கியம்: "மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்", "மாணவர்கள் சரியான விடையைக் கூறுகின்றனர்." பிள்ளைகள் எங்கள் பிளானைப் படிக்கவில்லை என்பது பள்ளிக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது.

மைக்ரோ டீச்சிங் என்றால் என்ன? பயன்படுமா?

கற்பிப்பதைச் சிறு திறன்களாக உடைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழகுவது. 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. பாடத்தைத் தொடங்கும் திறன், கேள்வி கேட்கும் திறன், கிளறிக் கேட்கும் திறன், கரும்பலகை எழுதும் திறன் என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்திய முறையில் ஒரு சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பி, 6 நிமிடம் குறை நிறை கேள், 12 நிமிடம் திட்டத்தைத் திருத்து, 6 நிமிடம் திரும்பக் கற்பி, கடைசி 6 நிமிடம் மறுபடி குறை நிறை.

அந்த முறையின் உயிர் அதன் நடுவில் இருக்கிறது, அதாவது குறை நிறை சொல்வதிலும் திருத்தித் திரும்பச் செய்வதிலும். எங்கள் கல்லூரியில் முதல் 6 நிமிடத்தோடு முடிந்தது. 50 பேர் வரிசையில் நிற்கும்போது மேடத்துக்கு வேறு வழியும் இல்லை. "குட், அடுத்து யாரு?" மிச்சம் 30 நிமிடம் ரெக்கார்டில் மட்டும் நடந்தது. "கேள்விகள் தெளிவாக இருந்தன, குரல் ஏற்ற இறக்கம் தேவை" என்று நானே எனக்கு எழுதிக்கொண்டேன். அப்படியும் ஒன்று கற்றேன்: கரும்பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது. இன்றுவரை அப்படித்தான் நிற்கிறேன்.

பள்ளிக்கு அனுப்பும் 16 வாரம் எப்படி இருக்கும்?

இந்தப் படிப்பின் தரம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன முதல் நாள் ஹெச்.எம். கேட்ட கேள்வி, "எத்தனை பேர் வந்திருக்கீங்க?" நாங்கள் ஆறு பேர். அன்று லீவில் இருந்த ஆசிரியர்கள் நான்கு பேர். அவ்வளவுதான், நான்கு பேருக்கும் வகுப்பு கிடைத்துவிட்டது. மூன்று வாரம் வரை நான் கணக்கு எடுத்ததைவிடத் தேர்வுத்தாள் கட்டியதும், விடைத்தாள் கூட்டிப் பார்த்ததும், ஆன்லைனில் பிள்ளைகள் விவரம் ஏற்றியதும்தான் அதிகம். பள்ளியையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கு ஆள் இல்லை. ஆனால் 'டிரெயினிங் மிஸ்' என்றால் இலவசமாக வந்த உபரி ஆள் என்ற எண்ணம் பல பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைகளுக்கும் தெரியும். "இவங்க ரெண்டு மாசத்துல போயிடுவாங்கடா" என்று என் காதுபடவே பேசினார்கள்.

நான்காம் வாரம் ஆறாம் வகுப்புக்கு பின்னக் கூட்டல். சார்ட் ஒட்டி, வட்டத்தைப் பங்கு பிரித்துக் காட்டி, ஒரு பையனைப் பலகைக்குக் கூப்பிட்டேன். 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதினான். மேலே இருப்பதை மேலே கூட்டினான், கீழே இருப்பதைக் கீழே கூட்டினான். நான் "தப்பு, உட்காரு" என்று சொல்லி அழித்துவிட்டு, எல்.சி.எம். எடுத்துச் சரியான விடையை நானே போட்டேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வகுப்பு அமைதியாக இருந்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியை உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மணி அடித்ததும் பக்கத்தில் வந்து, "அவன் எழுதினதை ஏம்மா அழிச்சீங்க? அது அப்படியே இருக்கட்டும். எப்படிப் போட்டேன்னு அவன்கிட்டயே கேளுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் 2/5-ஐத் திரும்பப் பலகையில் எழுதினேன். "அம்மா உனக்கு அரை தோசை வெச்சாங்க. அப்புறம் இன்னொரு தோசையில மூணுல ஒரு பங்கு வெச்சாங்க. இப்ப உன் தட்டுல அரை தோசையைவிட அதிகமா, கம்மியா?" "அதிகம் மிஸ்." "சரி, 2/5 அரையைவிட அதிகமா?" அவன் பலகையைப் பார்த்தான். ஐந்தில் பாதி இரண்டரை என்று விரலில் எண்ணினான். பிறகு சிரித்துவிட்டு, "மிஸ், வெச்ச தோசையை யாரோ எடுத்துட்டாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. அன்றைக்குத்தான் எல்.சி.எம். எதற்கு என்று நாலைந்து பேராவது கேட்டார்கள்.

இரண்டு வருடத்தில் நான் பெற்ற பயிற்சி என்று கை நீட்டிக் காட்டச் சொன்னால் வழிகாட்டி ஆசிரியையின் அந்த ஒரு நிமிடப் பேச்சைத்தான் காட்டுவேன். 16 வாரத்தில் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் ஆபீஸ் ரூமில் டீ குடித்து, ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

கமிஷன் என்றால் என்ன? பயப்பட வேண்டுமா?

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவதைத்தான் கமிஷன் என்பார்கள். வகுப்பெடுப்பதைப் பார்ப்பார்கள், ரெக்கார்டுகளைப் புரட்டுவார்கள், டீச்சிங் எய்டு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்காக ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் மூன்று தடவை ஒத்திகை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் தோழி ஒருத்தி கமிஷன் அன்று "மாணவர்களே, நாம் அன்றாடம் பயன்படுத்தும்..." என்று ஆரம்பிப்பதற்குள் முன்வரிசைப் பையன் எழுந்து "நெம்புகோல் மிஸ்!" என்றான். தேர்வாளரும் சிரித்தாராம். நல்ல மார்க்தான் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

படித்தவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?

சொல்கிறவர் எதற்காகச் சேர்ந்தார் என்று முதலில் கேளுங்கள். எங்கள் வகுப்பிலேயே நாலு வகை இருந்தோம். அரசு வேலைக்கு ஒரு தகுதிச்சீட்டு வேண்டும் என்று வந்தவர்கள். ஏற்கெனவே மெட்ரிக் பள்ளியில் ஐந்தாறு வருடம் பாடம் எடுத்துக்கொண்டிருந்து, சான்றிதழ் இல்லாததால் சம்பளம் ஏறாமல் வந்தவர்கள். கல்யாணம் கூடிவரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அனுப்பப்பட்டவர்கள். வாத்தியார் வேலையே வேண்டும் என்று வந்த சிலர்.

முதல் வகையினருக்கு கெடுபிடி இல்லாத கல்லூரிதான் நல்ல கல்லூரி. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். அவர் "சூப்பர் காலேஜ், தொந்தரவே இல்லை" என்று சொன்னால், கற்றுக்கொள்ளப் போகிற உங்களுக்கு அது எச்சரிக்கை மணி. ஏற்கெனவே பாடம் எடுத்தவர்கள்தான் வகுப்பில் கூர்மையான கேள்வி கேட்டவர்கள், ரொம்பச் சலித்துக்கொண்டவர்களும் அவர்களே. 45 பிள்ளைகளைச் சமாளித்துப் பழகியவரிடம் 'வகுப்பறை மேலாண்மையின் கோட்பாடுகள் யாவை?' என்று பத்து மார்க்குக்குக் கேட்டால் என்ன செய்வார்?

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். படிக்கும்போது ஒருவர் சொல்வதும் வேலைக்குப் போய் ஒரு வருடம் கழித்து அவரே சொல்வதும் வேறாக இருக்கும். முடிந்தால் இரண்டாவது ஆளைப் பிடித்துக் கேளுங்கள்.

சைக்காலஜி, தத்துவம் எல்லாம் எதற்கு?

படிக்கும்போது நானும் இதைத்தான் கேட்டேன். பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் என்று உளவியலாளர்கள் பெயரும் அவர்கள் சொன்ன நிலைகளும் மனப்பாடம். தமிழ்வழிப் புத்தகங்களோ ஆங்கில வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போட்ட தமிழில் இருந்தன. ஒரு பத்தியை மூன்று முறை படித்தால்தான் எழுவாய் எங்கே என்று தெரியும்.

தானாகச் செய்ய முடிகிறதற்கும், கைப்பிடித்துவிட்டால் செய்ய முடிகிறதற்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு, கற்பித்தல் அங்கே நடக்க வேண்டும் என்றவர் வைகாட்ஸ்கி. அந்தப் பையனும் தோசையும் அதற்கு நேரடி உதாரணம். அந்தப் பாடத்தை முதல் வருடமே எழுதி 70-க்கு மேல் வாங்கியிருந்தேன். ஆனாலும் பலகைமுன் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. தாளைச் சொல்லித்தந்தவர் வகுப்பறைக்கு வரவில்லை, வகுப்பறையில் இருந்தவர் தாளைப் பற்றிப் பேசவில்லை. கல்வியியல் கல்லூரிகள் பள்ளிகளிலிருந்து விலகி நிற்கின்றன என்று, நாட்டின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு 1966-லேயே எழுதிவைத்த குறைதான் இது.

தரம் இவ்வளவு குறைய யார் காரணம்?

தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. மற்ற பல நூறும் சுயநிதி. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2012-ல் அறிக்கை தந்தது. நாடு முழுவதும் தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் 10,000-க்கு மேல் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை பயிற்சி தர முயற்சிகூடச் செய்யாமல் பணத்துக்குப் பட்டம் விற்பதையும் அந்தக் குழுவை மேற்கோள் காட்டிச் சொல்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. இவ்வளவு கடுமையாகப் பயிற்சி மாணவர்கள்கூடச் சொல்வதில்லை.

விதிப்படி வருடத்துக்கு 100 பேரைச் சேர்க்கும் கல்லூரிக்கு முதல்வரோடு சேர்த்து 16 ஆசிரியர்கள் வேண்டும். நீங்கள் போய்ப் பார்க்கும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டெட் தேர்வில் இத்தனை பேர் தோற்பது பயிற்சி சரியில்லாததாலா?

அப்படி நேராக முடிச்சுப்போட முடியாது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். நாடே சிரித்தது. ஆனால் 150 கேள்விகளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தபோது 19,000 பேருக்கு மேல் தேறினார்கள். மூன்று மாதத்தில் யாருடைய பயிற்சியும் மாறிவிடவில்லை.

டெட் கேட்பது பெரும்பாலும் பாட அறிவும் உளவியல் வரையறைகளும். பின்னக் கூட்டலைச் சரியாகப் போடத் தெரியுமா என்று பார்க்கும். 2/5 எழுதியவனை என்ன செய்வீர்கள் என்பதைக் கொள்குறி வினாவில் எப்படிக் கேட்பது? பி.எட். ஒரு பக்கம் போகிறது, டெட் இன்னொரு பக்கம் போகிறது. 2018-ன் அரசாணை 149-க்குப் பிறகு டெட் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு. அதனால்தான் இரண்டாம் வருடப் பள்ளிப் பயிற்சியின்போதே பையில் கோச்சிங் சென்டர் மெட்டீரியலோடு வருகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

இப்போது பணியில் இருப்பவர்களையும் டெட் துரத்துகிறது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் டீ நேரப் பேச்சே இதுதான்.

கல்லூரியில் சேருமுன் என்ன விசாரிக்க வேண்டும்?

கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் பார்க்காதீர்கள். எந்தெந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், 16 வாரத்தில் உங்கள் ஆசிரியர் எத்தனை முறை வந்து ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார், பார்த்துவிட்டு எங்களோடு பேசுவாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அதுவே பதில். கல்லூரி வளாகத்திலேயே பள்ளி இருந்தால் பாதி வேலை சுலபம். சென்னையின் அரசுக் கல்வியியல் கல்லூரிகளான சைதாப்பேட்டையிலும் லேடி வெலிங்டனிலும் பக்கத்திலேயே மாதிரிப் பள்ளி வைத்தது காரணமில்லாமல் இல்லை. நூலகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் பாடப்புத்தகங்கள் முழு செட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கல்லூரியில் பழைய சமச்சீர் புத்தகம்தான் இருந்தது, புதிய பாடத்திட்டம் வந்த பிறகும்.

"வராமலே முடிக்கலாம்" என்று ஒரு கல்லூரியில் சொல்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். விதிக்குப் புறம்பானது. அது போக, மிச்சமிருக்கும் ஒரே நல்ல விஷயமான பள்ளி நாட்களையும் காசு கொடுத்துத் தொலைப்பானேன்?

ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு எடுக்க ஆசை. பி.எட். போதுமா?

போதாது. பி.எட். முடித்தவர்களுக்குத் தொடக்க வகுப்புத் தகுதி இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டயப் படிப்பான டி.எல்.எட். படியுங்கள். என் கணிப்பில், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழக அதில்தான் வாய்ப்பு அதிகம். மதிப்புதான் நம் ஊரில் குறைவு.

நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு வந்தால் சரியாகிவிடுமா?

2030-க்குள் அதுவே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது 2020 கொள்கை. 2023–24-ல் சில நிறுவனங்களில் தொடங்கியும்விட்டது. புதிது என்று நினைக்க வேண்டாம், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பல காலமாக நான்கு வருடப் படிப்பு நடக்கிறது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் போய்ப் படிக்கிறார்கள். அங்கே வளாகத்துக்குள்ளேயே பள்ளி. இன்னொரு பக்கம், முதுகலை முடித்தவர்களுக்குப் பழையபடி ஒரு வருட பி.எட். என்று 2025-ல் வரைவு விதி வெளியிட்டார்கள். ஒன்று, இரண்டு, நான்கு என்று வருடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசி பெஞ்சில் யார் வந்து உட்காரப்போகிறார் என்பது எந்த மாற்றத்திலும் தெளிவாக இல்லை.

பழைய ரெக்கார்டு இருந்தால் தருவீர்களா அக்கா?

இல்லை. கல்லூரியிலிருந்து திரும்பி வந்தவற்றை அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். பின்னச் சார்ட் ஒன்று மட்டும் இருக்கிறது, மூலை கிழிந்து, செல்லோடேப் போட்டு. வருடா வருடம் ஆறாம் வகுப்புக்கு வேண்டும் என்பதால் அதையும் தர முடியாது. செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.